ஓடிய நாட்களுக்கு ஒரு பேர்

பல்கலைக்கழகத்துக்காக ஓடுகிற மாணவன் தொழிலாளியா, இல்லையா? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே ஓர் ஆளிடம்தான் பதில் இருந்தது. அது அப்பா. தொழிலாளிதான் என்பார். அம்மாவிடம் கேட்டால், "ஓடினா பசிக்கும், மொதல்ல சாப்பிடு" என்பார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது உளறி, சிரிக்க வைத்துத் தப்பியிருப்பேன். கடைசியில் ஒரு நாள் கேட்டார்கள். மேசை போட்டு, தண்ணீர்ப் போத்தலெல்லாம் வைத்துக் கேட்டார்கள். நான் அன்றைக்கும் தப்பினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஐயாயிரம் மீற்றர் ஓடியவன். ஓப்பநாயக்க என்கிற ஊருக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருக்கிற ஒரு தோட்டத்தில் பிறந்தேன். ஓட்டத்துக்கென்று பிறந்த உடம்பு இல்லை. பார்க்கிறவர்களுக்கு, பசியோடு நிற்கிற கொக்கு ஞாபகம் வரும். ரப்பர் மலை வழியே பள்ளிக்கூடம் போகையில் நின்றால் காலில் அட்டை ஏறும். அதனால் நிற்காமல் போய்ப் பழகினேன். என் பயிற்சியாளர்கள் என்று பார்த்தால் அந்த அட்டைகள்தான்.

உயர்தரப் பரீட்சை எப்படியோ பாஸாகி, மூன்று பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. முதல் வருட விளையாட்டுப் போட்டியில் ஐயாயிரம் மீற்றருக்கு என்னைத் தவிர யாரும் பெயர் கொடுக்கவில்லை. பன்னிரண்டரைச் சுற்றும் தனியாக ஓடி முதலாவது வந்தேன். இரண்டாவதாகவும் கடைசியாகவும் வந்தவன் நான்தான். அங்கே விளையாட்டுப் பிரிவில் இருந்த பயிற்றுநர், நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுகிறவர், கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "காலையில் ஐந்தரைக்கு மைதானத்துக்கு வா" என்றார். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருடம் ஐந்தரைக்கு மைதானத்தில் நின்றேன்.

அங்கே போன பிறகுதான் புரிந்தது. சேர் விசில் அடிப்பார், நாங்கள் வரிசையில் நிற்போம், அவர் பெயர் வாசிப்பார். எங்கள் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தைப் பெரட்டுக் களம் என்பார்கள். அதே களம்தான், காலில் சப்பாத்து மட்டும் கூடுதல். இரண்டு நாள் வராவிட்டால் அணியிலிருந்து பெயர் போய்விடும். போட்டிக் காலம் வந்தால் காலைப் பயிற்சி ஒன்பதரை வரை இழுக்கும். எங்கள் விரிவுரை எட்டு மணிக்கு. நூற்றுக்கு எண்பது வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. இதைச் சேரிடம் சொன்னபோது, அவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லு. எல்லாரும் அப்படித்தான்."

என் அறை நண்பன் எம்பிலிப்பிட்டியக்காரன், சிங்களப் பையன். வீட்டில் நெல் வயல், வாயில் எந்நேரமும் பாட்டு. அவன் எனக்காக வரவுத்தாளில் கையெழுத்துப் போட்டான். என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போடுவான். ஒரு தடவை நானே வகுப்புக்குப் போய் நானே போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவன், "இது போலி மாதிரி இருக்கு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தக் காலத்தில் எதற்கும் சிரிப்பேன்.

இனி அப்பா. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அதோடு எங்கள் டிவிஷனில் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். இதை அலுவலகத்தில் செக்ரோல் என்கிற பதிவேட்டில் எழுதுவார்கள். அலுவலகம் எழுதுவதை மட்டும் நம்பியிருக்கிற வீடு எங்கள் லயத்து வரிசையில் ஒன்றுகூட இல்லை. எல்லா வீட்டுச் சுவரிலும் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்கும். அதில் ஒவ்வொரு நாளும் தங்கள் பேரைத் தாங்களே கோடு போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் வித்தியாசம் வந்தால் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார்கள்.

எங்கள் வீட்டு நாட்காட்டியில் அம்மாவின் பேர் சிவப்பில். நான் ஓடப் போன பிறகு, எனக்கு நீலத்தில் ஒன்று விழ ஆரம்பித்தது. தினம் பின்னேரம் ஃபோன் எடுப்பேன். அப்பா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை மணிக்கு விட்டாங்க?" சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நேரத்தைச் சொல்வேன். அவர் சும்மா கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு காலையில், எட்டாவது சுற்றில் விழுந்தேன். பெரிய போட்டி, கடைசி நூறு மீற்றர், கூட்டம் எழுந்து நின்றது என்றெல்லாம் எழுதலாம்தான். உண்மையில் மைதானத்து ஓரத்தில் மழைத்தண்ணீர் போக வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தேன். இரவு பெய்த மழையில் புல்லும் கானும் ஒரே நிறமாகத் தெரிந்தன. இடது முழங்காலுக்குள் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சேர் ஒரு த்ரீவீல் பிடித்து என்னை ஏற்றிவிட்டு, திரும்பிப் போய் மற்றவர்களுக்கு விசில் அடித்தார்.

தசைநார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்குள் ஒப்பரேஷன் செய்தால் திரும்ப ஓடலாம், பிந்தினால் சொல்ல முடியாது என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் வரிசை ஒரு வருடத்துக்கு மேல். தனியாரில் உடனே செய்யலாம், அந்தக் காசு உள்ள வீட்டில் பிறந்திருந்தால். பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரருக்குக் காப்புறுதி இருப்பதாகச் சொன்னார்கள். எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: போட்டியில் காயப்பட்டால் மட்டுமே காப்புறுதி செல்லும், பயிற்சி என்பது மாணவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் செய்வது.

அந்தக் கடிதத்தை ஃபோனில் வாசித்துக் காட்டினேன். அப்பா கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு வெடித்தார்.

"விருப்பமா? விசில் அடிச்சு வரச் சொல்றாங்க. வராட்டி பேர வெட்டுறாங்க. ஒன் பனியன்ல அவங்க பேரு இருக்கு. இதுக்கெல்லாம் விருப்பம்னு சொன்னா, ஒங்கம்மாவும் விருப்பத்துலதான் மலைக்குப் போறா!"

"அப்பா, நான் படிக்கிற புள்ளப்பா. வேலைக்காரன் இல்ல."

"படிக்கிற நேரத்துல ஓட வச்சானா இல்லையா?"

"வச்சாங்க."

"அப்ப நீ ஓடினது வேலை. வேலையில காயம் பட்டா வேலை குடுத்தவன்தான் பாக்கணும்."

"வேலைன்னா அளவு வரும்பா. நான் ஓடுற வேகத்துக்கு அரைப் பேருதான் விழும்."

"அரைப் பேருன்னாலும் பேருதான்டா. சிரிக்காத. நான் வர்றேன்."

அப்பாவுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்பு, கொழுந்தெடுக்கையில் அம்மாவைக் குளவி கொட்டியது. முகம் வீங்கி டிஸ்பென்சரியில் கிடந்தார். அலுவலகத்தில் பத்து மணி வரைதான் கொழுந்தெடுத்தார் என்று அரைப் பேர் போட்டார்கள். குளவி பத்து மணிக்கு வந்தது அம்மாவின் குற்றம் என்கிற மாதிரி. அப்பா நாட்காட்டியோடு போய் நான்கு நாள் பேசி அதை முழுப் பேராக மாற்றினார். முகம் வற்றப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளுக்கு ஒரு பேரும் இல்லை. ஆனாலும் அது அப்பாவின் வெற்றி. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. தொழிலாளி என்று எழுதிவிட்டால் மட்டும் என்ன கிடைத்துவிடும்? போய் நிற்பதற்கு இன்னும் ஒரு மேசை கிடைக்கும். ஆனால் மாணவனுக்கு அந்த மேசைகூட இல்லை என்பது காயம் பட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்பா விடவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, ஒரு விசாரணை வைக்கச் சம்மதிக்க வைத்தார். விசாரணை அன்று காலையில், முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் நீளமாகச் சுருட்டிய ஒரு பொட்டலம், மேலே பொலித்தீன் பை. சாப்பிட ஏதாவது கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பசி. உள்ளே என்ன என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுதான் பெரியது.

நண்பன் என் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தான். "தைரியமாப் பேசுங்க அங்கிள்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தான். நான் ஊன்றுகோலோடு உள்ளே போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பேராசிரியை, அவர்தான் தலைமை. ஒரு பக்கம் எழுதுவதற்கு ஒரு கிளாக்கர். மறுபக்கம் சேர். பேச்செல்லாம் சிங்களத்தில். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. தோட்டத்துத் துரையோடு பேசுகிற அதே நிதானத்தில் ஆரம்பித்தார்.

"மெடம், என் மகன் விருப்பத்துக்கு ஓடவில்லை. நீங்கள் ஓட வைத்தீர்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பாருங்கள்."

பொட்டலத்தைப் பிரித்தார். சோறு இல்லை. முருகன் படம் போட்ட இரண்டு வருட நாட்காட்டிகள். மேசையில் விரித்து, முனை சுருளாமல் இருக்கத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேலே வைத்தார். சிவப்புக் கோடுகளுக்குப் பக்கத்தில் நீலக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பொடியாக நேரம்: ஐந்தரை – ஏழரை, ஐந்தரை – ஒன்பதரை.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இவ்வளவு ஒழுங்காக எங்கள் அலுவலகத்திலேயே எழுதுவதில்லை" என்றார். நல்ல மனுஷி. உண்மையாகவே உதவ நினைத்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இது பொழுதுபோக்கு மாதிரித் தெரியவில்லையே, சேர்?" என்று பயிற்றுநரிடம் கேட்டார். சேர் கழுத்தைச் சொறிந்தார். அப்பா என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணடித்தார். அப்பா கண்ணடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இதை உறுதிப்படுத்திக் கொண்டால் நான் சிபாரிசு செய்யலாம்" என்றார் பேராசிரியை. "பயிற்சியால் இவருக்கு எத்தனை விரிவுரை போனது என்று காட்டினால் போதும். வரவுத்தாள்களைக் கொண்டுவாருங்கள்."

கிளாக்கர் எழுந்து போனார். அந்தத் தாள்களில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. தோட்டத்தில் ஒருவர் பேரை இன்னொருவர் போட முடியாது. வராத ஆள் வந்ததாக எழுதுகிற இடமும் இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொன்னதில்லை.

தாள்கள் வந்தன. பேராசிரியை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் செவ்வாய்க்கிழமை: நாட்காட்டியில் ஒன்பதரை வரை ஓட்டம், தாளில் எட்டு மணிக்கு என் கையெழுத்து. அடுத்த செவ்வாய், அதே. வெள்ளி, அதே. நான் கானுக்குள் விழுந்த அன்றைக்கும் பார்த்தார். ஏழே முக்காலுக்கு விழுந்தேன். எட்டு மணிக்கு, த்ரீவீலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுத நேரத்தில், வகுப்பில் என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

"இது யார் போட்டது?" என்று பேராசிரியை கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "சொல்லுங்கள். வேறொருவருக்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு வருடம் வகுப்புத் தடை. உங்களுக்கும் பரீட்சை இல்லை. இப்போது கண்டுவிட்டேன், காணாத மாதிரி இருக்க முடியாது."

நான் சேரைப் பார்த்தேன். சேர் தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டியிருந்த தாளை வாசித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் வாசித்தார். வெளியே வராந்தாவில் நண்பன் மெல்லிய குரலில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது.

"கையெழுத்து என்னோடதுதான் மெடம்" என்றேன். "நான் வகுப்புலதான் இருந்தேன். அப்பாகிட்ட ஓடினேன்னு பொய் சொல்லியிருக்கேன்."

"இரண்டு வருடமாகவா?"

"ஆமாம் மெடம்."

"எதற்காக?"

"ஓடினேன்னு சொன்னா அப்பா சந்தோசப்படுவாரு. படிச்சேன்னு சொன்னா நம்பமாட்டாரு."

வழக்கமாக இந்த மாதிரி சொன்னால் யாராவது சிரிப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் முழங்கால்?"

"ஹொஸ்டல் படியில விழுந்துட்டேன். அன்னைக்குப் பின்னேரம்."

பேராசிரியை சேர் பக்கம் திரும்பினார். "இவர் பயிற்சிக்கு வந்தாரா?"

"சில நாள் வருவான்" என்றார் சேர். "சரியாக ஞாபகமில்லை."

கிளாக்கர் எழுதிக்கொண்டார். பேராசிரியை நீண்ட நேரம் என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். புரிந்தும் செய்வதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பேனாவை மூடினார்.

அப்பா போத்தலைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். நாட்காட்டிகளைச் சுருட்டினார். சுருட்டத் தெரியாதவர் மாதிரி மூன்று தடவை சுருட்டினார். "சமாவென்ன மெடம்" என்று மன்னிப்புக் கேட்டார். துரையிடம்கூட அந்தச் சொல்லை அவர் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியே நண்பன் என் முகத்தைப் பார்த்து ஓடி வந்தான். விஷயத்தைக் காதோடு சொன்னேன். "பிஸ்ஸுத மச்சான்?" என்றான். பைத்தியமா என்று. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அப்பாவோடு நானும் வீட்டுக்குப் புறப்பட்டேன். இரண்டாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் கேட்டார்.

"தெனமும் ஃபோன் பண்ணி ஓடினேன் ஓடினேன்னு சொன்னியே. எதுக்குடா?"

"சும்மாதாம்பா."

"சும்மாவா. நான் அம்மா பேருக்குப் பக்கத்துல எழுதினேன்டா."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். எங்கள் அப்பாவைத் தெரியாது உங்களுக்கு. சொல்லியிருந்தால் அடுத்த ஹோல்ட்டில் பெல் அடித்து இறங்கி, எதிர்ப்பக்க பஸ் பிடித்து, அந்த மேசைக்கே திரும்பிப் போய், "தப்பா எழுதிட்டீங்க" என்று திருத்தச் சொல்லியிருப்பார். நண்பனுக்கு ஒரு வருடம் போயிருக்கும், எனக்குப் பரீட்சை போயிருக்கும். ஆகவே ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி நடித்தேன். நடிப்பு எனக்கு ஓட்டத்தைவிட நன்றாக வரும்.

அடுத்த மாதம் அப்பா சங்கத் தலைவர் பதவியை விட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "பெத்த புள்ளகிட்ட நெசத்த வாங்க முடியல. நான் தொரைகிட்ட போய் என்னா பேசுறது?" என்றாராம். அம்மாதான் எனக்குச் சொன்னார்.

நானும் நண்பனும் பட்டம் வாங்கினோம். அவன் சான்றிதழ் கையில் வந்த அன்றே நான் ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தரை மணி, விசில், கையெழுத்து, கான், சேர் போத்தலை வாசித்தது வரை, ஒன்றுவிடாமல். ஒரு ஜோக்கும் சேர்க்கவில்லை. அப்பா பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"மேசையில என்னா சொன்ன?"

"ஓடலன்னு."

"அதான். மேசையில சொன்னத வெளிய வந்து மாத்தக் கூடாது. நான் எத்தனை பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கேன். நெசம்னா அங்க சொல்லியிருப்ப."

"ஃப்ரெண்டுக்காகப்பா..."

"சரி விடுடா. எனக்காக இப்ப கத கட்டாத. அது எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு."

நண்பனை ஃபோனில் பேச வைத்தேன். அவனிடம் மரியாதையாகப் பேசிவிட்டு, ஃபோனை என்னிடம் திருப்பிக் கொடுக்கையில், "நல்ல பையன். ஒனக்காகப் பொய் சொல்றான்" என்றார். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் விளையாட்டாகப் பேசியே திரிந்தவன் ஒரு தடவை நிஜமாகப் பேசினால் அதைக் கேட்கிற காது எங்கிருந்து வரும்?

இப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை செய்கிறேன். வருகைப் பதிவு இருக்கிறது, லீவு இருக்கிறது, படியில் விழுந்தால் நிரப்ப ஒரு படிவமும் இருக்கிறது. முழுத் தொழிலாளி. உட்கார்ந்தே இருக்கிற வேலை.

ஒரு வருடம் என்றது வருடக்கணக்காக இழுத்து, ஒப்பரேஷன் வரிசையில் என் முறை போன மாதம்தான் வந்தது. அப்பாவும் கூட வந்தார். இளம் டாக்டர், தமிழ்ப் பையன், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பழைய காயம். உள்ளுக்கு நெறைய தேஞ்சிருக்கு. என்னா, ஸ்போர்ட்ஸா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார்.

"இல்லீங்க டாக்டர். படியில விழுந்துட்டாரு. படிக்கிற காலத்துல."

டாக்டர் எழுதிக்கொண்டார். "செஞ்சா நடக்கிறது கொஞ்சம் லேசாகும். ஆனா ஓடுறதெல்லாம் இனி ஏலாது. அத முன்னுக்கே சொல்லிடறேன்."

"அது பரவாயில்லீங்க" என்றார் அப்பா. "இவரு ஓடுற ஆள் இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார், சரிதானே என்கிற மாதிரி. நான் தலையாட்டினேன்.